சர்வருக்குப் பொருத்தம் பார்த்தல்

சென்னையிலிருந்து வடக்கே கூடூரை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில், தடாவைக் கடந்தபின் வருவது சூளூர்பேட்டை. தமிழும் தெலுங்கும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் எல்லைப்புறத்து ஊர் அது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் வரையில் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. அப்பொழுது புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஊரிலிருந்து கிழக்கே, பழவேற்காட்டு ஏரியின் நீர்ப்பரப்பை ஊடறுத்துச் செல்லும் சாலை ஸ்ரீஹரிகோட்டாவில் முடிகிறது. 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் ரோகிணி என்னும் சிறு ஆராய்ச்சி ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. அன்றுதொட்டு இவ்வூராருக்கு ராக்கெட் ஒரு பழகின பொருளாகிவிட்டது. பெரிய ராக்கெட்டுகளை ஏவுமுன் விண்வெளித் துறையின் தலைவர்கள் காளங்கி ஆற்றங்கரையிலுள்ள செங்காளம்மன் கோயிலுக்கு வந்து வணங்கிச் செல்வதும் இவ்வூரார் பலகாலும் கண்ட காட்சியே. அவ்வழிபாட்டினால் ஏவுதளத்தில் எந்தச் சரிபார்ப்பும் குறைந்துவிடுவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் பின்னறையில் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும் சர்வர் என்னும் கணிப்பொறி. எனினும் ஏரிக்கு அப்பால் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டால், பின்னர்ச் சொல்லப்போவது எளிதில் விளங்கும். 2010-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் மாலை, ஜிசாட்-5பி என்னும் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு ஜிஎஸ்எல்வி எஃப்-06 என்னும் ராக்கெட் எழுந்தது. அதன் மேலடுக்காகிய கிரையோஜெனிக் பகுதி ரஷ்யாவில் செய்யப்பெற்றது. கீழடுக்குகள் நம் நாட்டில் செய்யப்பெற்றவை. ராக்கெட்டின் மேற்பகுதியிலுள்ள கணிப்பொறி இடும் கட்டளைகள் சில இணைப்பிகளின் வழியே கீழிறங்கி முதல் அடுக்கின் கருவிகளை அடைய வேண்டும். புறப்பட்டு 47 வினாடிகள் கடந்த நிலையில் அந்த இணைப்பிகள் கழன்றுபோயின. அவை கழல வேண்டிய காலமோ ஏறத்தாழ 292-ஆம் வினாடி. கட்டளை போய்ச் சேராமையால் ராக்கெட் நிலைதடுமாறிற்று, வானிலேயே அழிக்கப்பட்டது. கிரையோஜெனிக் பகுதியைச் சூழ்ந்திருந்த உறை உருக்குலைந்து இணைப்பிகளை இழுத்ததே காரணமாகலாம் என்று ஆராய்ந்த குழு முடிவு கூறிற்று. எஞ்சினில் குற்றமில்லை; கணிப்பொறியிலும் குற்றமில்லை. ஓரிடத்தில் செய்த உறுப்பும் வேறோரிடத்தில் செய்த உறுப்பும் சேரும் இடத்தில்தான் தீங்கு நேர்ந்தது.

சர்வர்களைப் பேணுவோர் நாள்தோறும் காணும் தொல்லையும் பெரும்பாலும் இத்தகையதே. சேருமிடம் என்று நாம் சொல்வது எது என்பதை அறிய, சர்வரின் உள்ளே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று சற்றுப் பார்க்க வேண்டும்.

சென்னைப் பட்டணத்தின் ஒண்டுக்குடித்தன வீடுகளை நேயர்கள் அறிவார்கள். ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு வாயில்; உள்ளே ஐந்தாறு குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் அடுப்படியைத் தனிவீடாகவே எண்ணி வாழும். இக்காலத்துச் சர்வரும் அத்தகைய வீடுதான். ஒரே யந்திரத்தின் மேல் நோயாளிகளின் பதிவேட்டை நடத்தும் கணிப்பொறி ஒன்று, மருந்துக் கணக்கை நடத்துவது ஒன்று, சம்பளப் பட்டியலை நடத்துவது ஒன்று எனப் பல கணிப்பொறிகள் குடியிருக்கும். அவை கையால் தொடக்கூடியவை அல்ல; ஆயினும் ஒவ்வொன்றும் தன்னைத் தனி யந்திரம் என்றே கருதிக்கொள்ளும். இவற்றை மெய்நிகர் யந்திரங்கள் என்கிறோம். யாருக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு எப்பொழுது வட்டு என்று பங்கிட்டுக் கொடுக்கும் வீட்டுக்காரரைப் போன்ற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். இக்கருத்து புதியதன்று; 1960-களின் பிற்பகுதியிலேயே ஐபிஎம் நிறுவனம் தன் பெரிய யந்திரங்களில் இதைச் செய்து காட்டிற்று. இன்று அலுவலகங்களில் மிகுதியாகக் காணப்படும் ஹைப்பர்வைசர்களுள் ஒன்று விஎம்வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐ. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நிறுவனம் பிராட்காம் என்னும் நிறுவனத்தின் உடைமையாயிற்று.

இனி வீட்டின் கட்டுமானத்திற்கு வருவோம். சர்வரைத் திறந்து பார்த்தால் தாய்ப்பலகை, நெட்வொர்க் அட்டை, வட்டுகளை ஆளும் கட்டுப்பாட்டு அட்டை, வட்டுகள், யந்திரத்தைத் தொலைவிலிருந்து கண்காணிக்க உதவும் சிறு சில்லு ஆகியவை தெரியும். இவை வெறும் உலோகமும் பிளாஸ்டிக்கும் என்று நினைத்தல் தவறு. ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியே ஒரு சிறு நிரல் பதிந்திருக்கிறது. மின்சாரம் வந்தவுடன் அந்த உறுப்பு எப்படி விழித்தெழ வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதை அதுவே சொல்லிக்கொடுக்கிறது. வன்பொருளைப் போல எளிதில் மாறாததாயும் மென்பொருளைப் போல எழுதப்பட்டதாயும் இருப்பதால் இதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர் வந்தது. 1967-இல் ஆஷர் ஓப்ளர் என்பவர் ஓர் அமெரிக்கக் கணிப்பொறி இதழில் இச்சொல்லை வழங்கினார். ஒரு நடுத்தரச் சர்வரில் பத்துக்கும் குறையாத இடங்களில் ஃபர்ம்வேர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் தனிப் பதிப்பு எண் உண்டு.

ஹைப்பர்வைசர் இந்த உறுப்புகளோடு நேரே பேசுவதில்லை. டிரைவர் எனப்படும் இடையாளை வைத்துப் பேசுகிறது. நெட்வொர்க் அட்டைக்கு ஒரு டிரைவர், வட்டுக் கட்டுப்பாட்டு அட்டைக்கு ஒரு டிரைவர். ஆகவே ஒரு பக்கத்தில் டிரைவர், மறுபக்கத்தில் ஃபர்ம்வேர்; இரண்டும் ஒன்றையொன்று அறிந்து பேச வேண்டும். டிரைவரை எழுதியவர் ஃபர்ம்வேரின் எந்தப் பதிப்பை எதிரே வைத்துக்கொண்டு எழுதினாரோ, எந்தப் பதிப்போடு சோதித்தாரோ, அந்தப் பதிப்போடு அது நன்றாகப் பேசும். வேறு பதிப்போடு பேசுமா என்றால், பேசலாம்; பேசாமலும் போகலாம். பேசுவதுபோல் ஆறு திங்கள் இருந்துவிட்டு, நள்ளிரவில் பளு மிகும்போது மட்டும் வாயடைத்துப் போகவும் கூடும். இந்த மூன்றாம் வகைதான் மிகக் கொடியது. அறவே ஓடாத யந்திரத்தை நாம் உடனே கவனிக்கிறோம். பெரும்பாலும் ஓடும் யந்திரத்தின்மேல் நம் பதிவேடுகளையெல்லாம் ஏற்றிவிடுகிறோம்.

ஹைப்பர்வைசரை யந்திரத்தில் ஏற்றுவதற்கான முழுத் தொகுப்புக்கு நிறுவல் இமேஜ் என்று பெயர். ஈஎஸ்எக்ஸ்ஐ-க்கு இரு வகை இமேஜ்கள் கிடைக்கின்றன. ஒன்று, மூல நிறுவனம் வெளியிடும் பொது இமேஜ். மற்றொன்று, சர்வர் செய்யும் நிறுவனம் தன் யந்திரத்திற்கென்று திருத்தி வெளியிடும் தனி இமேஜ். எச்பிஇ, டெல், லெனோவோ, சிஸ்கோ ஆகிய நிறுவனங்கள் இவ்வாறு தத்தம் இமேஜ்களை வெளியிட்டு வந்திருக்கின்றன. பொது இமேஜை எடுத்து, தம் யந்திரங்களில் உள்ள அட்டைகளுக்கு வேண்டிய டிரைவர்களைச் சேர்த்து, விசிறியின் வேகத்தையும் வெப்பத்தையும் வட்டின் நலத்தையும் அறிந்து சொல்லும் கண்காணிப்பு நிரல்களையும் சேர்த்துக் கட்டிய மூட்டை அது. பொது இமேஜைக் கொண்டு நிறுவத் தொடங்கி, நெட்வொர்க் அட்டையே காணப்படவில்லை என்ற செய்தியோடு நிறுவல் நின்றுபோனதைக் கண்டவர்கள் தனி இமேஜின் அருமையை அறிவார்கள். அட்டை கண்ணெதிரே செருகப்பட்டிருக்கும். கம்பியின் பச்சை விளக்கும் எரியும். இடையாள் இல்லாமையால் வீட்டுக்காரருக்கு அது தெரியாது.

2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0 வெளிவந்தபோது இத்தொல்லை பலருக்கு ஒருசேர நேர்ந்தது. அதற்கு முன்பு வரையில், லினக்ஸ் டிரைவர்களைத் தழுவி எழுதிய பழைய வகை இடையாள்களும் உள்ளே இடம்பெற்றிருந்தார்கள். 7.0-இல் அவ்வகை முழுவதும் நீக்கப்பட்டது. ஆகையால் முதல்நாள் வரையில் குறையின்றி ஓடிய பழைய அட்டை, புதிய பதிப்பை ஏற்றியவுடன் யாரென்று தெரியாத அந்நியனாயிற்று.

தனி இமேஜை எடுத்துவிட்டால் போதும், பொருத்தம் தானே அமைந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. இதை நாம் ஏற்பதற்கில்லை. இமேஜுக்குள் இருப்பது டிரைவர் மட்டுமே. ஃபர்ம்வேர் அதற்குள் இல்லை. அது யந்திரத்தின் அட்டையில், ஆலையில் பதித்த நாளிலிருந்து அப்படியே கிடக்கிறது. புதிய இமேஜை ஏற்றினால் இடையாள் மட்டும் புதியவனாகிறான். எதிரே இருப்பது நான்கு ஆண்டுக்கு முந்தைய ஃபர்ம்வேர். இதற்கு மாறாக, ஃபர்ம்வேரை மட்டும் ஆர்வத்தோடு கடைசிப் பதிப்பிற்கு உயர்த்திவிட்டுப் பழைய இமேஜை அப்படியே விட்டுவிடுபவர்களும் உண்டு. இருவரும் செய்வது ஒரே காரியம்தான்: மணமகன் ஜாதகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பொருத்தம் பார்ப்பது.

பொருத்தம் பார்ப்பதற்கான இரண்டாம் ஜாதகமும் வெளியிடப்பட்டே இருக்கிறது. விஎம்வேர் வெளியிட்டு வந்து, இப்பொழுது பிராட்காம் பெயரில் வழங்கும் ஒத்திசைவுப் பட்டியலில் ஒவ்வோர் அட்டைக்கும் எதிரே, ஈஎஸ்எக்ஸ்ஐ-யின் எந்தப் பதிப்பில் எந்த டிரைவர், அந்த டிரைவரோடு எந்த ஃபர்ம்வேர் என்று வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். எச்பிஇ நிறுவனம் தன் ஃபர்ம்வேர்த் தொகுப்பையும் தனி இமேஜையும் இணைத்து, எதனோடு எது செல்லும் என்று கூறும் ஏட்டைத் தனியே வெளியிடுகிறது. அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் சமையற்குறிப்பு என்று பொருள்படும் ரெசிபி என்பது. பெயர் நமக்குப் பிடித்திருக்கிறது. பொருள் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது, அளவும் சேர்மானமும் ஒத்துவர வேண்டும் என்பது அடுக்களையில் நிற்பவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

பட்டியலில் அட்டையைத் தேடும்போது ஒரு நுட்பம் உண்டு. பலர் வழுக்கி விழும் இடம் இது. இன்டெல் நிறுவனத்தின் ஒரே நெட்வொர்க் சில்லு டெல் அட்டையிலும் இருக்கலாம், எச்பிஇ அட்டையிலும் இருக்கலாம், கடையில் தனியே விற்கும் அட்டையிலும் இருக்கலாம். சில்லு ஒன்றாயினும் அவரவர் பதித்த ஃபர்ம்வேர் வேறு. பதிப்பு எண்ணிடும் முறையும் வேறாகலாம். ஆகவே சில்லின் பெயரை நம்பித் தேடலாகாது. ஒவ்வோர் அட்டைக்கும் நான்கு அடையாள எண்கள் உண்டு: சில்லைச் செய்தவர் யார், அது எந்தச் சில்லு, அட்டையைச் செய்தவர் யார், அது எந்த அட்டை என்பன. இந்நான்கையும் யந்திரத்திலிருந்தே படித்துக்கொண்டு பட்டியலில் தேடினால்தான் சரியான வரி கிடைக்கும். குடும்பப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு கடிதம் கொடுக்கும் தபால்காரர் அண்ணன் கடிதத்தைத் தம்பியிடம் கொடுத்துவிடுவார் அல்லவா?

எச்பிஇ யந்திரங்களில் ஜென்-9 என்னும் தலைமுறைக்கு முற்பட்டவற்றுக்கு ஓர் இமேஜும், ஜென்-9 முதற்கொண்டு பிற்பட்டவற்றுக்கு வேறோர் இமேஜும் வெளியான காலமும் உண்டு. ஒரே நிறுவனம், ஒரே ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்பு. எனினும் இமேஜ் இரண்டு. டெல் நிறுவனமோ தன் இமேஜ்களின் பெயர் இறுதியில் ஏ-00, ஏ-01 என்று குறியிட்டு வந்தது. ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்பு மாறாமலேயே உள்ளிருக்கும் டிரைவர்கள் மாறியிருப்பதை அக்குறி உணர்த்தும். இறுதியிலுள்ள இரண்டு இலக்கங்களைப் படிக்காமல் விடுவது எளிது.

புதியது, அதுவும் மூல நிறுவனமே வெளியிட்டது என்றால் அச்சமில்லை என்று நினைப்பவர்களுக்கு 2021-ஆம் ஆண்டு ஒரு பாடமாக அமைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0-இன் மூன்றாம் மேம்பாடு வெளிவந்தது. அதில் இன்டெல் நெட்வொர்க் அட்டைக்குரிய ஐ40ஈஎன் என்னும் டிரைவருக்கு ஐ40ஈஎன்யு என்று பெயர் மாற்றப்பட்டிருந்தது. ஓர் எழுத்துத்தான் கூடிற்று. ஆனால் முன்பே பழைய பெயரில் டிரைவர் இருந்த யந்திரங்களில் இரண்டும் ஒருங்கே இருக்க நேர்ந்தது. ஒரே அட்டைக்கு இரண்டு இடையாள்கள். அதனால் மேம்பாடு செய்யும் பணியே தடைப்பட்டது. இதனோடு வேறு சில குறைகளும் சேர்ந்துகொள்ள, அந்த மேம்பாட்டையும் அதன் பின் வந்த இரண்டு திருத்தங்களையும் நவம்பரில் நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2022 ஜனவரி இறுதியில் திருத்தப்பட்ட பதிப்பு வந்தபோது டிரைவருக்குப் பழைய பெயரே மீண்டிருந்தது.

தனி இமேஜில் விற்பவர் சேர்க்கும் கண்காணிப்பு நிரலே குற்றவாளியானதும் உண்டு. 2014-ஆம் ஆண்டளவில், அந்நாளில் எச்பி என்று மட்டும் வழங்கிய நிறுவனத்தின் தனி இமேஜில் இருந்த எச்பி-ஏஎம்எஸ் என்னும் நிரல், தான் கடனாக வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் சிறுகச் சிறுக விழுங்கிக்கொண்டே வந்தது. நாட்கள் சில கடந்ததும் ஹைப்பர்வைசர் புதிதாக எந்தப் பணியையும் தொடங்க இயலாத நிலையை அடைந்தது. உள்ளே குடியிருந்த மெய்நிகர் யந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றை வேறு சர்வருக்கு மாற்றவும் முடியவில்லை. வீட்டின் நலத்தைப் பார்த்துச் சொல்ல வந்த காவற்காரனே அரிசிப் பானையைக் காலி செய்த கதை இது. திருத்திய பதிப்பு பின்னர் வந்தது. நாம் இதைச் சொல்வது தனி இமேஜ் வேண்டாம் என்பதற்காக அன்று. அதிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பதிப்பு எண் உண்டு, அதையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

ஆனால் ஃபர்ம்வேரை மறந்து கிடப்பதன் விலை எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதை 2019-ஆம் ஆண்டு நவம்பரில் எச்பிஇ வெளியிட்ட ஓர் அறிவிப்புத்தான் நன்கு உணர்த்தும். அந்நிறுவனம் விற்ற திடநிலை வட்டுகளுள் சில வகைகள், மின்சாரம் பெற்று ஓடிய நேரம் 32,768 மணியை எட்டியவுடன் அடியோடு நின்றுவிடும் என்று அவ்வறிவிப்புக் கூறிற்று. கணக்கிட்டால் 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். வட்டும் மீளாது, அதிலிருந்த செய்தியும் மீளாது. பரிகாரம் எச்பிடி8 என்னும் ஃபர்ம்வேர்ப் பதிப்பு ஒன்றே. அதுவும் அந்த மணிக்கு முன்பே ஏற்றியிருந்தால்தான் பயன்.

அந்த எண்ணைச் சற்று நோக்க வேண்டும். இரண்டைப் பதினைந்து முறை தன்னோடு பெருக்கினால் வருவது 32,768. பதினாறு பிட்டுகளில், கூட்டல் கழித்தல் குறியோடு, எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 32,767. ஆழாக்குப் படியில் அதற்குமேல் ஒரு மணி அரிசியும் நில்லாது. குறை எங்கே இருந்திருக்கும் என்பதை அந்த எண்ணே குறிப்பாய்ச் சொல்லிவிடுகிறது. 2020 மார்ச்சில் வேறு சில வட்டுகளுக்கு இதேபோன்ற மற்றோர் அறிவிப்பு வந்தது. அவற்றின் ஆயுள் 40,000 மணி.

இங்கே ஒருவர் கேட்கலாம்: ஒரு வட்டுப் போனாலும் மற்றொன்று காக்கும்படி இரட்டை இரட்டையாகத்தானே வைக்கிறோம்? உண்மை. ஆயின் ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் செருகி, ஒரே பொத்தானை அழுத்தி உயிரூட்டிய வட்டுகள் 32,768-ஆம் மணியையும் ஒரே நேரத்தில்தான் எட்டும். முதல்வட்டு நின்ற சிறு பொழுதில் துணைவட்டும் நிற்கும். ஒரே பிழையைச் சுமந்த இரட்டையர் ஒருவருக்கொருவர் துணையாக மாட்டார்கள்.

இதே எண், இதே இரட்டையர், வேறொரு நாட்டின் ஏவுதளத்தில் வரலாறாகவே நின்றுவிட்டது. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாக எழுந்தது. ஏறத்தாழ 40 வினாடிகளுக்குள் சிதறிற்று. அதன் திசையறியும் கருவியும் அதற்குள்ளிருந்த நிரலும், முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டில் பலமுறை வெற்றிகரமாகப் பறந்தவை. ஆகவே மாற்றமின்றி எடுத்துப் பொருத்தப்பட்டன. புதிய ராக்கெட் பழையதைக் காட்டிலும் பக்கவாட்டில் விரைந்து சென்றது. அந்த வேகத்தைக் குறித்த எண்ணைப் பதினாறு பிட்டு இடத்தில் அடைக்க முயன்றபோது அது அடங்கவில்லை, நிரல் நின்றது. துணைக்கு வைத்திருந்த இரண்டாம் கருவியிலும் அதே நிரல். அதுவும் அதே காரணத்தால், அதற்குச் சற்று முன்பே நின்றிருந்தது. அந்தக் கணக்கு ஏரியான் 5 மேலெழுந்த பிறகு எதற்கும் பயன்படாத ஒன்று என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி. பழைய வண்டிக்கு வேண்டியதாயிருந்தது, யாரும் எடுத்துவிடவில்லை. பிரெஞ்சுக் கணித மேதை ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, புதிய ராக்கெட்டின் பறக்கும் பாதை பற்றிய விவரங்கள் அக்கருவிக்குரிய தேவைகளுள் சேர்க்கப்படவே இல்லை என்று கண்டது. பொருத்தம் பார்க்கப்படவில்லை என்பதைத்தான் அவர்கள் அவ்வாறு கூறினார்கள்.

மீண்டும் நம் பின்னறைக்கு வருவோம். சூளூர்பேட்டை போன்ற ஊரில் உள்ள சிறு நிறுவனத்திற்குச் சர்வர் எப்படி வந்து சேர்கிறது? சிலர் புதிதாக வாங்குகிறார்கள். சிலர் புறநகர் ரயிலேறிச் சென்னை சென்று, மவுண்ட் ரோடை அடுத்த ரிச்சி தெருவில் ஒரு முறை பயன்படுத்திய யந்திரத்தைப் பேரம் பேசி எடுத்து வருகிறார்கள். அப்படி வாங்குவது தவறென்று நாம் சொல்லோம். நல்ல யந்திரங்கள் அங்கே கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் ஃபர்ம்வேர் எந்த ஆண்டில் நின்றுபோயிற்று என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பெரும்பாலும் அவருக்கும் தெரியாது. அதைவிடக் கடினமான மற்றொன்றும் உண்டு. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல், தன் சர்வர்களுக்குரிய சில ஃபர்ம்வேர்த் தொகுப்புகளை உத்தரவாதமோ பராமரிப்பு ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கு மட்டுமே தருவதென எச்பி முடிவு செய்தது. வியாபாரம் என்ற முறையில் அதற்குக் காரணம் இருக்கலாம். எனினும் யந்திரத்தில் தாங்களே விட்ட குறையைத் தாங்களே திருத்துவதற்கு விலை கேட்பது முறையா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. ஹைப்பர்வைசர்ப் பக்கத்திலும் நிலை மாறி மாறி வந்தது: இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ-யைப் பிராட்காம் 2024 பிப்ரவரியில் நிறுத்திற்று, 2025 ஏப்ரலில் மீண்டும் தந்தது. பதிப்புகளுக்கும் ஆயுள் உண்டு, 6.5, 6.7 ஆகியவற்றுக்குரிய பொது ஆதரவு 2022 அக்டோபர் 15-ஆம் நாளும், 7.0-க்குரியது 2025 அக்டோபர் 2-ஆம் நாளும் முடிவடைந்தன. இவற்றையெல்லாம் யந்திரத்தை வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது, வாங்கியபின் வருந்துவதைக் காட்டிலும் செலவு குறைந்த காரியம்.

இந்த வேலையைச் செய்யும் முறையையும் சொல்லிவிடுவோம். முதலில் யந்திரத்தின் பெயர், தலைமுறை, ஒவ்வோர் அட்டையின் நான்கு அடையாள எண்கள், இப்பொழுதுள்ள ஃபர்ம்வேர்ப் பதிப்பு, டிரைவர்ப் பதிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஈஎஸ்எக்ஸ்ஐ-யில் ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ என்னும் கட்டளையைக் கொண்டு ஒரு நெட்வொர்க் அட்டையின் டிரைவரையும் ஃபர்ம்வேரையும் ஒரே பக்கத்தில் காணலாம். பிறகு ஏற்ற விரும்பும் ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்பை முடிவு செய்து, அதற்குரிய தனி இமேஜில் என்னென்ன டிரைவர்கள் உள்ளன என்று விற்பவரின் குறிப்பேட்டில் பார்த்து, அந்த டிரைவர்களுக்கு எதிரே பட்டியல் கூறும் ஃபர்ம்வேரைக் கண்டுபிடிக்க வேண்டும். பட்டியலில் உள்ளது கடைசிப் பதிப்பாக இல்லாமல் அதற்கு முந்தையதாக இருந்தால், முந்தையதையே ஏற்ற வேண்டும். இது பலருக்கு மனம் ஒப்பாத காரியம். ஆயினும் சோதித்தவர்கள் சேர்த்துப் பார்த்த இணை அதுதான்.

யந்திரங்கள் மிகுதியாக உள்ள இடங்களில் இதைக் கையால் செய்து முடியாது. 2020-இல் 7.0-உடன் வந்த ஏற்பாடு ஒன்று, மூல இமேஜ், விற்பவரின் சேர்க்கை, ஃபர்ம்வேர்த் தொகுப்பு ஆகிய மூன்றையும் ஒரே கட்டாக வைத்து, எல்லாச் சர்வர்களும் அந்தக் கட்டிற்கு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஓரிரு சர்வர்களை மட்டும் வைத்திருக்கும் மருத்துவமனைக்குத் தாளும் பேனாவுமே போதும்.

இரண்டு சர்வர்கள் இருந்தால், ஒன்றில் உள்ள மெய்நிகர் யந்திரங்களை மற்றொன்றுக்கு மாற்றிவிட்டுக் காலியான சர்வரில் வேலையைத் தொடங்கலாம். ஒன்றே இருந்தால், பதிவேடுகளின் நகலை வேறிடத்தில் எடுத்து, அந்த நகலைத் திறந்தும் பார்த்துவிட்டு, புறநோயாளிகள் வராத ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஃபர்ம்வேர் பதியும் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் அந்த அட்டை எழாமலே போகக்கூடும். ஆகவே மின்வெட்டு வாடிக்கையாக வரும் வேளையைத் தவிர்த்து, யுபிஎஸ் மின்கலம் சுமையைத் தாங்குகிறதா என்று முன்னாளே சோதித்துக்கொள்ள வேண்டும். ஃபர்ம்வேரையும் இமேஜையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். ஃபர்ம்வேரை இந்த வாரமும் இமேஜை அடுத்த திங்களும் என்று வைத்துக்கொண்டால், இடைப்பட்ட நாட்களில் யந்திரம் யாரும் சோதித்துப் பாராத இணையோடு ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும், எழுதிய தாளில் புதிய எண்களைத் தேதியோடு குறித்து யந்திரத்தின் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடலாம்; அடுத்து வருபவர் வேறோர் ஆளாக இருக்கக்கூடும்.

முதற் சர்வரை ஒரு வாரமாவது முழுச் சுமையோடு ஓடவிட்டு, அதன் பதிவுகளில் நெட்வொர்க் அட்டையும் வட்டுக் கட்டுப்பாட்டு அட்டையும் குறை கூறவில்லை என்று கண்ட பின்னரே இரண்டாவதைத் தொட வேண்டும். அதுவரையில் பழைய இமேஜ் அடங்கிய பென்டிரைவை யாரும் வேறு காரியத்திற்கு எடுத்துப் போகாதபடி பூட்டி வைத்திருப்பது நலம்.